அமீனா என்றால் வாரண்ட்டைக் காட்டச் சொல்லுங்கள்

கே: தனிநபர் கடனில் மூன்று தவணை பாக்கி. ராத்திரி எட்டு மணிக்கு இரண்டு பேர் வந்து "கோர்ட் அமீனா" என்று சொல்லி, டிவியையும் தையல் மிஷினையும் தூக்கப் பார்த்தார்கள். தையல்தான் என் பிழைப்பு. (வாசகி, ஈரோடு)

ப: வந்தவர்கள் அமீனா இல்லையம்மா, வசூல் ஏஜென்ட்கள். கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டு, டிகிரி (கோர்ட்டின் தீர்ப்பாணை) வாங்கி, அதை நிறைவேற்றித் தரச் சொல்லும் நிறைவேற்று மனுவும் போட்ட பிறகுதான் பொதுவாக அமீனா ஜப்திக்கு உங்கள் வாசலுக்கே வர முடியும். அவர் கோர்ட் ஊழியர். கையில் வாரண்ட், அதாவது ஜப்திக்கான கோர்ட் உத்தரவு இருக்கும். அதில் கையெழுத்து, கோர்ட் முத்திரை, எந்தத் தேதிக்குள் நிறைவேற்ற வேண்டும் என்ற கெடு, மூன்றும் இருக்கிறதா என்று வாசலிலேயே வாங்கிப் படியுங்கள். பொழுது சாய்ந்த பிறகு ஜப்திக்காக யாரும் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு. உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, தாலி, கைத்தொழில் செய்பவரின் கருவிகள் ஆகியவற்றை ஜப்தி செய்யக் கூடாது என்கிறது 60-ஆம் பிரிவு. உங்கள் மிஷினுக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. டிவிக்குக் கிடையாது.

"அமீனா வருவார்" என்ற ஒரே மிரட்டலில் வளையலைக் கழற்றிக் கொடுத்த பெண்களின் கடிதங்கள் எனக்கு வந்துகொண்டே இருக்கின்றன. படிக்கும்போதே வயிறு எரிகிறது. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக போன்கூடச் செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் சொல்லியிருக்கிறது. அரசு ஊழியர் என்று பொய் சொல்வது தனிக் குற்றம். போலீஸில் எழுதிக் கொடுங்கள். அப்புறம், வங்கிக்குப் போய்த் தவணைக்கு அவகாசம் கேளுங்கள். கடன் கடன்தான்.

கே: சோபா வழக்கில் நுகர்வோர் ஆணையத்தில் ஜெயித்தேன். கடைக்காரர் பணம் தரவில்லை. (மதுரை)

ப: அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 71-ஆம் பிரிவுப்படி அந்த உத்தரவும் கோர்ட் டிகிரி மாதிரிதான், ஜப்தி வரை போகலாம். 72-ஆம் பிரிவில் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைக்கும் இடமுண்டு. மாவே அரைக்காத கிரைண்டரை என் தலையில் கட்டிய கடைக்காரரும் உத்தரவுக்கு அசையவில்லை. இந்த மனுவின் நோட்டீஸ் போன பிறகுதான் பணத்தை எடுத்தார்.

கே: தம்பி கடனுக்கு என் ஃபிரிட்ஜை ஜப்தி செய்துவிட்டார்கள். (தஞ்சாவூர்)

ப: பில்லோடு கோர்ட்டில் உரிமை கோரும் மனு போடுங்கள். ஏலம் முடிவதற்குள்.

கே: கோர்ட் ஏலத்தில் மனை எடுத்து 25 சதவீதம் கட்டிவிட்டேன். மீதிக்கு இரண்டு மாதம் அவகாசம் கிடைக்குமா? (சேலம்)

ப: கிடைக்காது. 15 நாள்தான். நீட்டிக்க கோர்ட்டுக்கே அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1954-லேயே சொல்லிவிட்டது. கட்டாவிட்டால் மறு ஏலம், முன்பணமும் போகலாம். பணத்துக்கு வழியில்லாமல் ஏலத்தில் எதற்குக் கை தூக்கினீர்கள்? வில்லங்கச் சான்றாவது பார்த்தீர்களா?

கே: பண்ணையின் காரியஸ்தரிடம் நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தேன். முதலாளி "விற்கவே இல்லை" என்கிறார். (கும்பகோணம்)

ப: காரியஸ்தர் என்பவர் முதலாளிக்காகப் பண்ணையைக் கவனிப்பவர். குத்தகை வசூலிப்பவருக்கு நிலத்தை விற்கும் அதிகாரம் தானாக வந்துவிடாது. பதிவு செய்த பவர் பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் காரியஸ்தர் மேல் வழக்குப் போடுங்கள்.