உடம்பு ஏறினால் தாம்பத்தியம் பாதிக்குமா? எனக்குப் பாதித்தது, சொல்கிறேன்

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இருபது கிலோ ஏறிவிட்டது, மனைவி பக்கத்தில் போகவே கூச்சமாக இருக்கிறது, போனாலும் விறைப்பு நிற்பதில்லை, இதற்கு எடைதான் காரணமா, யாரிடம் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எடைக்குப் பெரிய பங்கு இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் கூச்சமும் உடம்பும் சேர்ந்துகொண்டால் எது எதனால் என்றே பிரித்துப் பார்க்க முடியாது. எனக்கு அப்படித்தான் ஆனது.

வயது 41. வீடு சென்னை கொருக்குப்பேட்டை, வேலை எம்.சி. ரோட்டில் ஒரு ரெடிமேட் கடையில். நாள் முழுக்க அடுத்தவர் தோளைப் பார்த்தே சட்டை அளவு சொல்கிறவன் நான், என் அளவு 40-லிருந்து 46-க்குப் போனதை மட்டும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். கடை அடைத்து ராத்திரி பதினோரு மணிக்குப் பரோட்டா, சாப்பிட்ட கையோடு படுக்கை. 168 செ.மீ. உயரத்துக்கு 94 கிலோ. தொப்பையை நம்ம ஏரியாவில் யாரும் குறையாகச் சொல்வதில்லை, நல்லா சாப்பிடுற உடம்பு என்றுதான் சொல்வார்கள். மார்பு தொங்க ஆரம்பித்தால்தான் கேலி. அந்தக் கேலிக்குப் பயந்து வீட்டில்கூட சட்டையைக் கழற்றுவதை விட்டேன்.

போன வருஷம் மே மாதம் ஒரு ராத்திரி கரண்ட் போய்விட்டது. பையன் தூங்கிவிட்டான், இவள் விசிறிக்கொண்டிருந்தாள், எனக்கு முதுகெல்லாம் நனைந்து சட்டை ஒட்டிக்கொண்டது. "அதைக் கழட்டித்தான் போடுங்களேன்" என்றாள். பரவாயில்லை என்றேன். கொஞ்ச நேரம் விசிறி நின்றது. அப்புறம் "என்னைப் பிடிக்கலன்னா சொல்லிடுங்க" என்றாள். ஏழு மாதமாக நான் ஒதுங்கிப் போனதை அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறாள்! அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அதனால், யாரிடம் சொல்வது என்றால், முதலில் மனைவியிடம்.

அடுத்து டாக்டரிடம். சும்மா எடையைக் குறைக்கச் சொல்லி அனுப்பிவிடுவார் என்று நினைத்துப் போனேன், அவர் முதலில் சுகரும் பிரஷரும் பார்த்தார். மூன்று மாதச் சராசரி சுகர் (HbA1c) 8.1 சதவீதம், அதாவது சர்க்கரை நோய். எனக்குத் தெரியவே தெரியாது. விறைப்பு என்பது ரத்த ஓட்டம்தான் என்று அவர் விளக்கினார். உறுப்புக்குப் போகிற ரத்தக்குழாய் ஒன்றிலிருந்து இரண்டு மி.மீ. அகலம்தான், இதயத்துக்குப் போவது மூன்று நான்கு மி.மீ. இருக்கும். சுகரும் கொழுப்பும் குழாயின் உள்சுவரைக் கெடுக்கும்போது சின்னக் குழாய் முதலில் காட்டிக்கொடுத்துவிடும், சிலருக்கு மாரடைப்புக்குச் சில வருஷம் முன்னாலேயே. இதை வெட்கப்பட்டு மூடி வைப்பது எவ்வளவு ஆபத்து என்று அப்போதுதான் புரிந்தது. இது போக, உடம்புக் கொழுப்பில் இருக்கிற ஒரு நொதி டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது, ஆசை குறைவதற்கும் மார்பு பெருப்பதற்கும் அதுவும் ஒரு காரணம். பலமான குறட்டை இருந்தால் அதையும் சொல்லுங்கள், தூக்கத்தில் மூச்சு தடைபடுவதும் இதில் சேர்த்தி.

உறுப்பு சின்னதாகிவிட்டது என்ற பயமும் எனக்கு இருந்தது. சின்னதாகவில்லை, அடிவயிற்றுக் கொழுப்பு மேலே மூடிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

குறைத்தால் திரும்புமா? 2004-ல் வெளிவந்த இத்தாலிய ஆய்வு ஒன்றில், இந்தப் பிரச்சினை இருந்த பருமனான ஆண்கள் 110 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்குச் சாப்பாடும் நடையும் முறையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு வருஷத்தில் அவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்குச் சரியாகிவிட்டது. எல்லாருக்கும் அல்ல, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். எனக்குச் சுகர் மாத்திரையும், பெரம்பூர் மேம்பாலத்துப் பூங்காவில் இவளோடு காலை நடையும், ஒன்பது மணிக்குள் சாப்பாடும். இப்போது 83 கிலோ. முன்பு மாதிரி முழுசாக இல்லை, ஆனால் பெரும்பாலான நாள் நன்றாகவே இருக்கிறது.

தயவுசெய்து, லாட்ஜில் ரூம் போட்டு ஆண்மைக்குறைவு மருந்து தருகிறவர்களிடம் போகாதீர்கள். ஜிம்மில் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னாலும் வேண்டாம், ஸ்டீராய்டு விந்தணுவையே அடித்துவிடும். வயாகரா மாதிரியான வீரிய மாத்திரையை மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள், நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் அதைப் போட்டால் பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்து.

இன்றைக்கு ராத்திரி ஒரு டேப் எடுத்து இடுப்பை அளந்து பாருங்கள். நம் ஆண்களுக்கு 90 செ.மீ.தான் எல்லை, பேண்ட் சைஸை நம்பாதீர்கள், நாம் தொப்பைக்குக் கீழே போடுகிறோம். பணம் யோசனையாக இருந்தால் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு போட்டு யூராலஜி (சிறுநீர்ப்பாதை) பிரிவைக் கேளுங்கள். காலையில் வெறும் வயிற்றில் போங்கள், சுகர், கொழுப்பு, டெஸ்டோஸ்டிரோன் மூன்றுக்கும் ஒரே தடவையில் ரத்தம் கொடுத்துவிடலாம். டாக்டரிடம் சுற்றி வளைக்காமல் "விறைப்பு நிற்கமாட்டேங்குது சார்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். ரிசல்ட் வந்ததும் கீழே எழுதுங்கள், பார்க்கிறேன்.