பெர்ஃபார்மன்ஸ் கேம்ஷாஃப்ட் போட்டாலும் புகைச் சோதனையில் தேற முடியுமா?

கேள்வி இதுதான்: "பெட்ரோல் கார். பெர்ஃபார்மன்ஸ் கேம்ஷாஃப்ட் போட ஆசை. ஆனால் புகைச் சோதனையிலும் வண்டி தேற வேண்டும். எதைப் பார்த்து கேம் வாங்குவது?"

தேற முடியும். வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டுதான் கேம்ஷாஃப்ட், சுருக்கமாகக் கேம். கேட்டலாக்கில் எல்லோர் கண்ணும் முதலில் போகும் குதிரைத்திறன் எண்ணை ஓரமாக வைத்துவிட்டு, ஓவர்லேப் எவ்வளவு என்று பாருங்கள். சோதனையில் வண்டியைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அதுதான்.

எக்ஸாஸ்ட் வால்வ் முழுசாக மூடுவதற்குள் இன்டேக் வால்வ் திறக்கத் தொடங்கிவிடும். இரண்டும் சேர்ந்தே திறந்திருக்கும் அந்த இடைவெளிதான் ஓவர்லேப். 6,000 ஆர்பிஎம்மில் இதனால் லாபம்: வேகமாக வெளியேறும் எக்ஸாஸ்ட், பின்னாலேயே புதுக் கலவையையும் இழுத்து சிலிண்டரை நிரப்பும். ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் ஓடும் ஐடிலிங்கில் கதை தலைகீழ். த்ராட்டில் மூடியிருப்பதால், சிலிண்டருக்குக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டில் வேக்குவம் பலமாக இருக்கும். வெளியே போக வேண்டிய புகை திரும்பி இன்டேக் பக்கம் நுழையும். அடுத்த ஸ்ட்ரோக்கில் அந்தப் பழைய புகையும் புதுக் கலவையோடு சேர்ந்து உள்ளே வரும்; ஸ்பார்க் அடித்தாலும் ஒழுங்காகப் பற்றாது. பெரிய கேம் போட்ட எஞ்சின் நொண்டி நொண்டி ஓடும் அந்தச் சத்தம் கேட்க நன்றாகத்தான் இருக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் அப்படி நொண்டும்போதெல்லாம் எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியே போய்க்கொண்டிருக்கிறது. சோதனைக் கருவியில் அது ஹைட்ரோகார்பன் கணக்கில் ஏறும்.

அதோடு நின்றால் பரவாயில்லை. பற்றாத சிலிண்டரிலிருந்து செலவாகாத ஆக்ஸிஜனும் வெளியே வரும். ஆக்ஸிஜன் சென்சருக்கு பெட்ரோல் கண்ணில் படாது, ஆக்ஸிஜன் மட்டுமே படும். "பெட்ரோல் போதவில்லை" என்று இசியுவிடம், அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரிடம், சொல்லிவிடும். இசியுவும் அதை நம்பி இன்ஜெக்டரை இன்னும் கொஞ்சம் திறக்கும். இப்போது ஒழுங்காக எரிந்துகொண்டிருந்த சிலிண்டர்களிலும் பெட்ரோல் அதிகமாகி, கார்பன் மோனாக்சைடு சேர்ந்து ஏறும். புகையைச் சுத்தம் செய்ய கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா என்றால், அது முழுத் திறனோடு வேலை செய்வது 14.7-க்கு 1 என்ற காற்று-பெட்ரோல் விகிதத்தை ஒட்டி மட்டுமே. எரியாத பெட்ரோல் தொடர்ந்து வந்தால் அது கன்வர்ட்டருக்குள்ளேயே எரியும். சூடு தாங்காமல் உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற அமைப்பு உருகிவிடும்.

எவ்வளவு கறாராக அளப்பார்கள் என்பதற்கு பிரிட்டன் ஆண்டுச் சோதனை ஓர் உதாரணம். கன்வர்ட்டர் உள்ள கார்களுக்குப் பொதுவான வரம்பாக, ஐடிலிங்கை உயர்த்தி வைத்து அளக்கும்போது கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம், லாம்ப்டா (காற்று-பெட்ரோல் விகிதத்தை 14.7-ஓடு ஒப்பிடும் எண்; சரியாக இருந்தால் 1) 0.97-க்கும் 1.03-க்கும் நடுவில் இருக்க வேண்டும். நொண்டுகிற எஞ்சினுக்கு இதில் தேறுவது கஷ்டம்.

சரி, கேமோடு வரும் அளவு அட்டையான கேம் கார்டைக் கையில் எடுங்கள். வால்வ் எத்தனை டிகிரி திறந்திருக்கும் என்பது டியூரேஷன்; இன்டேக் லோப், எக்ஸாஸ்ட் லோப் இரண்டின் உச்சிகளுக்கு நடுவே உள்ள கோணம் லோப் செபரேஷன். இன்டேக் டியூரேஷனையும் எக்ஸாஸ்ட் டியூரேஷனையும் கூட்டி நான்கால் வகுத்து, லோப் செபரேஷன் கோணத்தைக் கழித்து, இரண்டால் பெருக்கினால் ஓவர்லேப் வரும். இரண்டு பக்கமும் 264 டிகிரி, செபரேஷன் 108 என்றால் ஓவர்லேப் 48 டிகிரி. டியூரேஷனை மாற்றாமல் செபரேஷனை மட்டும் 114 ஆக்கினால் 36-தான். ஐடிலிங்கில் இது பெரிய வித்தியாசம். தினசரி ஓட்டவும் வேண்டும், சோதனையும் தேற வேண்டும் என்றால் நான் 112-க்குக் கீழே போகச் சொல்ல மாட்டேன். 114 இன்னும் நிம்மதி. இரண்டு கம்பெனி கேம்களை ஒப்பிடும்போது டியூரேஷன் எந்த லிஃப்டில், அதாவது எவ்வளவு உயரம் தூக்கியபோது அளந்தது என்று கவனியுங்கள். 0.050 அங்குலத்தில், அதாவது 1.27 மில்லிமீட்டரில் அளந்த எண் எப்போதும் சிறியதாகத்தான் இருக்கும். அதை ஒரு கேமுக்கும், மிகச் சிறிய லிஃப்டில் அளந்த விளம்பர டியூரேஷனை இன்னொன்றுக்கும் எடுத்து வைத்துப் பார்த்தால் கணக்கே தப்பு.

அப்போ பவர் எங்கிருந்து வரும்? லிஃப்டிலிருந்து. வால்வ் கூடுதலாகத் திறந்தால் காற்று அதிகம் போகும், ஓவர்லேப் கோணம் அப்படியே இருக்கும். கேமின் அசைவைக் கம்பிகள் வழியே வால்வுக்குக் கடத்தும் புஷ்ராட் எஞ்சின் என்றால், கேமைத் தொடாமல் ராக்கர் (வால்வை அழுத்தும் நெம்புகோல்) விகிதத்தை 1.5-லிருந்து 1.6 ஆக்கினாலே லிஃப்ட் ஏறக்குறைய 7 சதவீதம் கூடும். வால்வ் ஸ்பிரிங் அந்த லிஃப்டைத் தாங்குமா, வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி போதுமா என்று அளந்துவிட்டுத்தான் இதெல்லாம். வேரியபிள் வால்வ் டைமிங் உள்ள எஞ்சின் என்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர்: ஐடிலிங்கில் ஓவர்லேப்பைக் குறைத்து, மேலே போகும்போது கூட்டும்படி டியூன் செய்துகொள்ளலாம்.

கேம் மாற்றினால் டியூனிங்கும் கண்டிப்பாக மாற வேண்டும். வேக்குவம் குறைவதால், மேனிஃபோல்ட் அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடும் இசியு "லோடு கூடிவிட்டது" என்று நினைத்து பெட்ரோலை ஊற்றும். ஐடிலிங்கைக் கொஞ்சம் ஏற்றி, அந்த இடத்தில் இக்னிஷன் டைமிங்கையும் சரிசெய்தால் பாதி நொண்டல் அடங்கிவிடும். பிரேக் பூஸ்டரும் அதே வேக்குவத்தைத்தான் நம்பியிருக்கிறது, அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

சட்டப் பக்கம் ஊருக்கு ஊர் வேறு. கலிஃபோர்னியாவில் புகை சுத்தமாக வந்தால் மட்டும் போதாது. பழைய வண்டிகளைத் தவிர்த்து மற்றவற்றில், அங்குள்ள காற்றுவள வாரியத்தின் விலக்கு எண் இல்லாத கேம் போட்டால் சட்டவிரோதம். 2021-லிருந்து இசியு மென்பொருளை மாற்றியிருக்கிறார்களா என்றும் பார்க்கிறார்கள். உங்கள் ஊர் விதி என்ன என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கோளாறுகளைத் தானே பதிவுசெய்யும் ஓபிடி-2 உள்ள வண்டியில் நொண்டலே மிஸ்ஃபயர் (சிலிண்டர் பற்றாத) கோடாக, பி0300 என்று பதிவாகிவிடும். அதை அழித்துவிட்டு நேராகச் சோதனைக்குப் போகலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அழித்தால், வண்டியின் சுயசோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் ரெடினஸ் மானிட்டர்களும் சேர்ந்து அழியும். ஓபிடி பார்க்கும் இடத்தில் சோதனையே எடுக்காமல் திருப்பி அனுப்புவார்கள். அப்புறம், உருளை இல்லாமல் தட்டையான டேப்பெட்டில் உரசி ஓடும் ஃபிளாட் டேப்பெட் கேமுக்கு என்று ஜிங்க், பாஸ்பரஸ் அதிகமுள்ள ஆயில் ஊற்றச் சொல்வார்கள். புதுக் கேம் பழகும் வரை அது தேவைதான். ஆனால் எஞ்சின் ஆயில் எரிக்கிறது என்றால் அந்தப் பாஸ்பரஸ் கன்வர்ட்டரில் போய்ப் படிந்து அதைக் கெடுக்கும். ஆயில் குறைகிற எஞ்சினுக்கு முதலில் ரிங்கையும் வால்வ் சீலையும் பார்த்துவிட்டு, பிறகு கேமுக்குச் செலவு செய்யுங்கள்.