ஒருவர் கேட்டிருந்தார்: வேலை கிடைத்து ஜெர்மனி போகிறேன். மாதச் செலவு எவ்வளவு ஆகும்? அரிசி, பருப்பு எல்லாம் ஊரிலிருந்தே கொண்டு போக வேண்டுமா?

நீங்கள் மனைவியோடு போகிறீர்கள், வீடு இன்னும் முடிவாகவில்லை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அரிசியை விடுங்கள், முதலில் சமையலறையைப் பற்றி விசாரியுங்கள்.

நாங்கள் 2022-இல் டோர்ட்முண்ட் வந்தோம். வீடு பார்க்கப் போனபோது பழைய குடித்தனக்காரர் இருந்தார். அடுப்பு, ஓவன், அலமாரி என்று பளிச்சென்ற சமையலறை. "1,200 யூரோ கொடுத்தால் கிச்சனை விட்டுவிட்டுப் போகிறேன்" என்றார். வீட்டோடு இருப்பதை எனக்கே விற்கப் பார்க்கிறார், புது ஆள் என்று ஏமாற்றுகிறார் என்று நினைத்து வேண்டாம் என்றுவிட்டேன்.

சாவி வாங்கிக் கதவைத் திறந்தால், அந்த அறையில் சுவரிலிருந்து இரண்டு குழாய் முனைகளும் ஒரு மின்கம்பியும்தான் நீட்டிக்கொண்டிருந்தன. பாத்திரம் கழுவும் தொட்டிகூட இல்லை. எல்லா அறையிலும் விளக்கு இருந்த இடத்தில் ஒயர் தொங்கியது. அந்த மனிதர் ஏமாற்றவில்லை. இங்கே பல வாடகை வீடுகளில் சமையலறை குடியிருப்பவரின் சொத்து. காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போவார், இல்லையென்றால் அடுத்து வருபவருக்கு விற்பார்.

புதுக் கிச்சன் ஆர்டர் கொடுத்து வந்து சேர ஏழு வாரம். அதுவரை தரையில் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, அட்டைப்பெட்டி மேல் காய் நறுக்கல். பாத்திரம் எல்லாம் குளியலறையில்தான். ஜனவரிக் குளிரில் குனிந்து குனிந்து கழுவி என் மனைவிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கடைசியில் 2,600 யூரோ ஆனது. "எங்கள் வீட்டில் கிச்சன் இருந்ததே" என்று சிலர் பின்னூட்டம் போடுவீர்கள். இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. வீட்டு விளம்பரத்தில் 'EBK' என்று மூன்றெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள், கிச்சனோடு வீடு என்று அர்த்தம்.

வாடகையில் 'கால்ட்' என்றால் வெறும் வாடகை. 'வார்ம்' என்றால் தண்ணீர், சூடேற்றும் செலவு சேர்ந்தது. மின்சாரம் பெரும்பாலும் அதிலும் சேராது. எங்களுக்கு கால்ட் 780 யூரோ, வார்ம் 1,010 யூரோ. அட்வான்ஸ் மூன்று மாத கால்ட் வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கட்டச் சட்டத்தில் இடம் உண்டு. எனக்கு இதைச் சொல்ல ஆளில்லை, மொத்தமாகக் கட்டினேன். டிவியே இல்லாவிட்டாலும் ஒலிபரப்புக் கட்டணம் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ.

சாப்பாட்டுச் செலவு பயப்படும்படி இல்லை. ஆல்டி, லிடில் மாதிரி மலிவு விலைக் கடைகளில் வாங்கினால் எங்கள் இருவருக்கும் மாதம் 350 யூரோ போதும். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, சனியே வாங்கிவிடுங்கள். தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள், கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கிடைக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். என் மனைவி ஊரில் ஒன்பது வருடம் பள்ளி ஆசிரியை. இங்கே அந்த வேலைக்கு ஜெர்மன் மொழி உயர்நிலை வரை வேண்டும், ஒரே பாடம் படித்தவர்களுக்கு முழு அங்கீகாரம் கிடைப்பதும் கஷ்டம். காலையில் மொழி வகுப்பு, ராத்திரி பன்னிரண்டு வரை படிப்பு. ஊரிலிருந்து போன் வந்தால் "சும்மாதானே இருக்கா" என்கிறார்கள். என் சம்பளத்தை ரூபாயில் பெருக்கத் தெரிந்தவர்களுக்கு இவள் விட்டுவிட்டு வந்த சம்பளம் கணக்கில் வருவதில்லை. எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

சரி, பெட்டி. இந்தப் பக்கம் ஈழத்தமிழர் கடைகள் உண்டு. இட்லி அரிசி, புளி, உளுந்து எல்லாம் கிடைக்கும். நெய், பால்கோவா கொண்டு வராதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருள் கொண்டுவரத் தடை. அம்மா ஒரு மாதம் வெண்ணெய் சேர்த்துக் காய்ச்சிய நெய்யை விமான நிலையத்தில் எடுத்து வைத்துவிட்டார்கள். மிக்ஸி மட்டும் கொண்டு வாருங்கள். நம் மூன்று முள் பிளக் இங்கே பொருந்தாது, ஒரு அடாப்டர் போட்டால் நன்றாக ஓடும்.