பழம் ஊறட்டும், பணம் வாங்காதீர்கள்

கேள்வி: ஆண்டு இறுதி விடுமுறைக்கு எங்கள் குடியிருப்பில் இருபது, இருபத்தைந்து பேர் கூடுகிறோம். ரம்மில் பழங்களை ஒரு வாரம் ஊறப்போட்டு, அன்றைக்குச் சாறு கலந்து பஞ்ச் செய்யலாம் என்று நினைக்கிறேன். என் மச்சானோ, "பாட்டில் எதற்கு? திராட்சையை நாமே புளிக்க வைப்போம், வேண்டுமானால் காய்ச்சி வடித்தும் கலக்கலாம்" என்கிறார். செலவுக்குத் தலைக்கு ஒரு தொகை வாங்க எண்ணம். பிள்ளைகளும் வருவார்கள். சிலர் காரில்தான் திரும்ப வேண்டும். வீட்டுக்குள் நடப்பதில் சட்டம் தலையிடுமா? மிஞ்சியதைப் பாட்டிலில் கொடுத்தனுப்பலாமா?

பதில்: எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மதுச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். குஜராத்திலோ பீகாரிலோ இருந்தால் பதில் ஒரே வரிதான்: அங்கே மதுவிலக்கு, பழச்சாறோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்ற பெரும்பாலான இடங்களில் பஞ்ச் பிழைத்துக்கொள்ளும். உங்கள் மச்சானின் யோசனைதான் இடிக்கிறது.

ஊறவைப்பது, புளிக்க வைப்பது, வடிப்பது மூன்றும் சமையலறையில் பக்கத்துப் பக்கத்து வேலைகளாகத் தெரியலாம். சட்டத்தின் கண்ணில் மூன்றும் வேறு வேறு. வரி கட்டி வாங்கிய மதுவில் பழத்தைப் போட்டு ஊறவைத்தால் நீங்கள் புதிதாக ஆல்கஹால் எதையும் உண்டாக்கவில்லை. ஆகவே பெரும்பாலான நாடுகளில் வீட்டு உபயோகத்துக்கு இதில் வில்லங்கம் இல்லை. ஆனாலும் ஜப்பானில் இருந்தால் கவனம் தேவை. அங்கே மதுவில் பழம் ஊறவைப்பதே மது தயாரிப்பாகக் கருதப்படும். 1962இல் வீட்டு உபயோகத்துக்கு விலக்கு கொடுத்தார்கள். அதற்கும் நிபந்தனை உண்டு: அடிப்படை மதுவில் ஆல்கஹால் 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, திராட்சை சேர்க்கக் கூடாது, விற்கவே கூடாது. அதனால் ஒயினில் பழத்தைப் போட்டு நாள் கணக்கில் ஊறவைத்தால் அங்கே அது மீறல். குடிக்கப் போகும் நேரத்தில் கலந்தால் மீறல் இல்லை. ரம் 20 சதவீதத்தைத் தாண்டியது என்பதால் உங்கள் பஞ்ச் தப்பிக்கும், பழத்தில் திராட்சை இல்லாதவரை.

புளிக்க வைப்பதற்கு வருவோம். பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் ஒயின் செய்யலாம், வரி இல்லை. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, வயது வந்தவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன் வரை வரியில்லாமல் செய்துகொள்ளலாம். விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் கதை வேறு. 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது அதன்படி குற்றம். "அரசே விற்கிறதே, அப்புறம் என்ன மதுவிலக்கு?" என்று என்னிடம் வழக்குக்கு வரும் கட்சிக்காரர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான், ஆனால் நீதிமன்றத்தில் அது எதிர்வாதமாக நிற்காது. ஒரு ஜாடி திராட்சைதானே என்பதும் நிற்காது. அளவு குறைந்தால் தண்டனை குறையலாம், குற்றம் மறையாது.

வடிப்பதைப் பற்றி மச்சானிடம் கண்டிப்பாகவே சொல்லிவிடுங்கள். நியூசிலாந்தில் 1996 முதல் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் வடிக்க விட்டிருக்கிறார்கள். அது அபூர்வமான விதிவிலக்கு. ஒயினுக்குத் தாராளமாக இருக்கும் பிரிட்டனில்கூட உரிமம் இல்லாமல் வடிப்பது குற்றம். காய்ச்சும்போது கிளம்பும் ஆவி தீப்பிடிக்கக் கூடியது, பழக்கூழ் புளிக்கும்போது நச்சான மெத்தனாலும் சிறிதளவு உண்டாகும். விருந்தில் ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால், பாட்டில் வாங்கியவரிடம் ரசீது இருக்கும். வடித்தவரிடம் என்ன இருக்கும்? குக்கரும் குழாயும்தான், அதுவும் சாட்சிப் பொருளாக.

அடுத்து, தலைக்கு ஒரு தொகை. இதைத்தான் நீங்கள் சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு உறுத்துவதும் இதுதான். பரிமாறுவது விருந்தோம்பல், பணம் வாங்கிக்கொண்டு பரிமாறினால் அது விற்பனை ஆகிவிடலாம், விற்பனைக்கு உரிமம் வேண்டும். இங்கிலாந்தில் பானமும் சேர்த்து நுழைவுச்சீட்டு விற்றாலே மது விற்பனைதான். லாபம் பார்க்கவில்லை என்பது அங்கே பதில் ஆகாது. வாட்ஸ்அப் குழுவில் "தலைக்கு இவ்வளவு, பஞ்ச் உட்பட" என்று ஒரு வரி போட்டீர்களானால், உங்களுக்கு எதிரான ஆவணத்தை நீங்களே தட்டச்சு செய்து கொடுத்தது போல. பணத்தைச் சாப்பாட்டுக் கணக்கில் எழுதிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அந்தத் தந்திரத்தை விசாரணை அதிகாரிகள் நிறையப் பார்த்திருப்பார்கள். மதுச் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள், மற்றவர்கள் உணவைக் கொண்டுவரட்டும். மொத்தமாக வாங்கும்போது இன்னொன்று: ஒருவர் இவ்வளவுதான் வைத்திருக்கலாம் என்று பல இந்திய மாநிலங்களில் உச்சவரம்பு உண்டு. அதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள், ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். இடமும் முக்கியம். உங்கள் வீட்டுக் கூடம் என்றால் சரி. குடியிருப்பின் பொது அரங்கம் என்றால் பல ஊர்களில் ஒருநாள் உரிமம் கேட்பார்கள், சங்கத்தின் விதியும் குறுக்கே வரலாம்.

பிள்ளைகள் விஷயத்தில் நான் கவலைப்படுவது பஞ்சைவிட அதில் கிடக்கும் பழத்துக்காக. ஒரு வாரம் ரம்மில் ஊறிய அன்னாசித் துண்டு பார்க்க வெறும் அன்னாசித் துண்டாகத்தான் இருக்கும். பாத்திரத்தின் அடியில் கிடப்பதை ஒரு பிள்ளை முள்கரண்டியால் குத்தி எடுத்துச் சாப்பிட எவ்வளவு நேரம் ஆகும்? இந்தியாவில் சிறார் நீதிச் சட்டம், 2015இன் 77ஆம் பிரிவு, 18 வயது நிறையாதவருக்கு மது கொடுப்பவருக்கும் கொடுக்கச் செய்பவருக்கும் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. மருத்துவர் சொல்லிக் கொடுத்தால் மட்டும் விலக்கு. பிள்ளை தானாக எடுத்ததை "கொடுத்தது" என்று நிரூபிப்பது கடினம்தான். ஆனால் அந்த வாதத்தை நீங்கள் ஜாமீனுக்குப் பிறகுதான் செய்ய வேண்டியிருக்கும். பிள்ளைகளின் சாறு வேறு மேசையில், வேறு நிறப் பாத்திரத்தில், வேறு பழங்களோடு இருக்கட்டும். மது உள்ளதில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். குடிக்காத பெரியவர்களுக்கும் அந்த எழுத்து தேவை. தெரியாமல் ஒருவரைக் குடிக்க வைப்பது விளையாட்டல்ல. யாராவது குஷியில் இன்னொரு பாட்டிலைக் கவிழ்த்துவிடாமல், கரண்டி உங்கள் கையிலேயே இருப்பது நல்லது.

இனி கார். 750 மில்லி ரம் இரண்டு பாட்டில், சாறும் சோடாவும் சேர்த்து மொத்தம் ஆறு லிட்டர் என்று வையுங்கள். 200 மில்லி டம்ளர் ஒன்றில் 50 மில்லி ரம் இருக்கிறது. இனிப்பும் புளிப்பும் அதை மறைத்துவிடுவதால், குடிப்பவர் பெக் கணக்கு வைப்பதில்லை, டம்ளர் கணக்குதான் வைக்கிறார். இந்தியாவில் ஓட்டுநருக்கு வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால்; இங்கிலாந்தில் 80.

பிடிபட்டால் வழக்கு ஓட்டியவர் மீதுதானே என்று நினைப்பீர்கள். குற்ற வழக்கு அப்படித்தான். இழப்பீட்டு வழக்கு வீட்டுக்காரரையும் தேடி வரலாம். 1984இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம், போதையில் இருக்கிறார், வண்டியும் ஓட்டப் போகிறார் என்று தெரிந்தே விருந்தினருக்கு ஊற்றிக்கொடுத்த வீட்டுக்காரர், விபத்தில் அடிபட்ட மூன்றாம் நபருக்கும் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. கனடா உச்ச நீதிமன்றம் 2006இல், பொதுவாக அப்படிப் பொறுப்பு இல்லை என்றது. அந்த வழக்கில் விருந்தினர்கள் பெரும்பாலும் தங்கள் மதுவைத் தாங்களே கொண்டுவந்திருந்தார்கள். உங்கள் விருந்தில் ஊற்றுகிறவர் நீங்கள். ஆகவே அந்தத் தீர்ப்பைக் காட்டித் தப்பிக்கலாம் என்று இருக்காதீர்கள். வண்டிச் சாவியை வாசலிலேயே வாங்கி வையுங்கள், வாடகைக் காருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தடுமாறுகிறவருக்கு அடுத்த டம்ளர் கிடையாது, அவர் உங்கள் மேலதிகாரியாகவே இருந்தாலும்.

மிஞ்சியதைக் கொடுத்தனுப்புவது வேண்டாம். அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் கனடாவிலும், திறந்த மதுப் பாட்டில் ஓட்டுநருக்கு எட்டும் இடத்தில் இருந்தாலே குற்றம், அவர் ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்காவிட்டாலும். இந்தியச் சோதனைச் சாவடியில் முத்திரையும் ரசீதும் இல்லாத பாட்டிலை எடுத்து, "இது பழ பஞ்ச் சார்" என்று உங்கள் விருந்தினர் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக்கொண்டு, மறுநாள் நீங்களும் மச்சானும் தீர்த்துவிடுங்கள்.