சைனஸ் சீழ் கண்ணுக்குப் போகுமா?

கேள்வி: என் கொழுந்தனாருக்கு 38 வயது. ஒரு வாரமாகச் சளி, மூக்கடைப்பு, காய்ச்சல். தலையில் நீர் கோத்திருக்கிறது என்று நீர்க்கோவை மாத்திரையை உரசி நெற்றியில் பத்துப் போட்டோம். ஒரு நாள் காலையில் இடது கண் இமை வீங்கி, சிவந்து, மூடிக்கொண்டது. பூச்சி கடித்திருக்கும் என்று சொட்டு மருந்து வாங்கிப் போட்டோம். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனால், சைனஸில் இருந்த சீழ் கண்ணுக்குப் பரவிவிட்டது என்று உடனே ஆபரேஷன் செய்தார்கள். இப்போது தேறிவிட்டார். என் கணவருக்கும் பல வருடமாகச் சைனஸ் தொந்தரவு, கூடவே சர்க்கரை. அவருக்கும் இப்படி வருமா? முன்கூட்டியே ஆபரேஷன் செய்துவிடலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: கொழுந்தனார் தேறிவிட்டார் என்று படித்ததும் எனக்கும் நிம்மதியாக இருந்தது அம்மா. சைனஸ் தொற்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே அடங்கிவிடும். கண்ணுக்கோ மூளைக்கோ பரவுவது மிக அபூர்வம். ஆனால் பரவ ஆரம்பித்தால் மணிக்கணக்கில் முற்றிவிடும்.

காரணம் நம் முகத்தின் அமைப்புதான். மூக்கின் இரு பக்கமும் உள்ள சைனஸ் அறைகளுக்கும் கண்குழிக்கும் நடுவே இருக்கிற எலும்பு காகிதம் மாதிரி மெல்லியது. அந்தப் பகுதி சிரைகளில் வால்வும் கிடையாது. அதனால் ரத்தம் எந்தப் பக்கமும் ஓடலாம், கிருமியும் கூடவே போகும். கண்ணுக்குப் பின்னால் மூளையை ஒட்டியுள்ள பெரிய சிரைப் பகுதியில் ரத்தம் உறைந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஒரு கண்ணில் தொடங்கிய வீக்கம் அடுத்த கண்ணிலும் தெரிந்தால் எங்களுக்கு முதலில் வருகிற சந்தேகம் அதுதான்.

இமை மூடிய நிலையில் ஒருவர் வந்தால், நான் இரண்டு விரலால் இமையை விலக்கி உள்ளே பார்த்துவிடுவேன். கண் மூடியே கிடப்பதால் பார்வை மங்கினாலும் அவருக்கே தெரியாது. அப்புறம் ஒரு பேனாவின் சிவப்பு மூடியை ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகக் காட்டுவேன். "இந்தக் கண்ணுக்கு வெளுத்த மாதிரி தெரியுது டாக்டர்" என்று சொன்னால், பார்வை நரம்பு நெருக்கப்படுகிறது என்று அர்த்தம். அதற்கு மேல் காத்திருக்க மாட்டோம். ராத்திரியானாலும் ஸ்கேன் எடுத்து, தேவைப்பட்டால் அப்போதே சீழை வெளியேற்றிவிடுவோம். கண்ணை அசைத்தால் வலி, இரட்டையாகத் தெரிவது, கண் முன்னுக்குத் தள்ளியிருப்பது எல்லாமே அதே அவசரம்தான்.

நெற்றியையும் கவனியுங்கள். அமுக்கினால் குழி விழுகிற மெத்தென்ற வீக்கம் இருந்தால், உள்ளே எலும்பு சீழ் பிடித்திருக்கலாம். 18ஆம் நூற்றாண்டிலேயே லண்டன் சர்ஜன் பெர்சிவல் பாட் எழுதிவைத்த வீக்கம் இது, இன்றும் வருகிறது. அதன்மேல் பத்துப் போட்டுக்கொண்டு நாளைக் கடத்தக் கூடாது. விடாத தலைவலியோடு வாந்தி, பிடரி விறைப்பு, பேச்சில் குழப்பம், வலிப்பு இருந்தால் நேராக பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

உங்கள் கணவர் விஷயத்தில் நான் அதிகம் பயப்படுவது சர்க்கரையைப் பார்த்துத்தான். 2021 மே மாதம் தமிழ்நாடு அரசு கருப்பு பூஞ்சையை, யாருக்கு வந்தாலும் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது உங்களுக்கு நினைவிருக்கும். கொரோனாவோடு அது வந்தவர்களில் பலருக்குக் கட்டுப்படாத சர்க்கரை இருந்தது, ஸ்டீராய்டும் கொடுக்கப்பட்டிருந்தது. கொரோனா இல்லாமலும் அது வரும். கன்னம் மரத்துப்போவது, மேல் வரிசைப் பல் ஆடுவது, மூக்கிலோ அண்ணத்திலோ கருப்பாகப் பொருக்குத் தட்டுவது இதன் அடையாளங்கள். வழக்கமான ஆன்டிபயாடிக் இதைத் தொடாது. ஆம்போடெரிசின் மருந்தும், அழுகிய சதையை அகற்றுகிற ஆபரேஷனும் வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிற பழக்கம் அவருக்கு இருந்தால், தயவுசெய்து இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். திடீரென்று அவராக நிறுத்தவும் கூடாது.

சரி, முன்கூட்டியே ஆபரேஷன்? வேண்டாம் அம்மா. ஸ்ப்ரேயும் உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும் ஒழுங்காகச் செய்தும் குறையவில்லை, ஸ்கேனில் சதை வளர்ச்சியோ அடைப்போ தெரிகிறது என்றால்தான் அந்தப் பேச்சு. கழுவுவதற்குக் கொதிக்கவைத்து ஆறிய நீரையே பயன்படுத்தச் சொல்லுங்கள். மூன்று மாதச் சர்க்கரை அளவைப் பார்த்து, அந்த ரிப்போர்ட்டோடு அவரை ஒரு தடவை காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்.