வயதான குதிரைக்கு ஓய்வு நல்லதா, வேலை நல்லதா?

கேள்வி: எங்கள் பண்ணையில் 19 வயதுப் பெண் குதிரை ஒன்று இருக்கிறது. ரேஸில் ஓடி முடித்த பிறகு வாங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் பிள்ளைகளை ஏற்றி நாள் முழுக்கச் சுற்றும். கொஞ்ச காலமாக நடையில் விறைப்பு, உடம்பும் இளைத்துவிட்டது. பாவம் என்று இரண்டு மாதமாக லாயத்திலேயே கட்டி வைத்திருக்கிறோம். இப்போது காலையில் பின்னங்கால்கள் வீங்கியிருக்கின்றன, நடத்தினால் வடிந்துவிடுகிறது. இனி அது வேலையே செய்யக் கூடாதா? (வாசகர், உடுமலைப்பேட்டை)

பதில்: செய்யலாம், செய்ய வேண்டும். நிறுத்த வேண்டியது அந்த ஞாயிற்றுக்கிழமைக் கணக்கைத்தான். ஆறு நாள் சும்மா நின்றுவிட்டு ஏழாம் நாள் முழுக்க உழைப்பது இளங்குதிரைக்கே ஆகாது.

19 வயது குதிரைக்கு முதுமைதான், ஆனால் கடைசிக் காலம் என்று சொல்ல முடியாது. வியன்னாவின் ஸ்பானிஷ் ரைடிங் ஸ்கூலில் லிப்பிசானர் குதிரைகள் இருபது வயதைத் தாண்டியும் அரங்கில் இறங்குகின்றன. தினமும் அளவான பயிற்சி கிடைப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

குதிரையின் முழங்காலுக்குக் கீழே தசை கிடையாது. குளம்பு தரையில் பதிந்து எழும்போதுதான் அங்கிருந்து ரத்தமும் நிணநீரும் மேலே ஏறுகின்றன. நிற்கும் குதிரைக்குக் கால் வீங்குவதும் நடந்தால் வடிவதும் அதனால்தான். மூட்டின் குருத்தெலும்புக்கும் தனி ரத்தக் குழாய் இல்லை. மூட்டு அசையும்போது அதைச் சுற்றியுள்ள திரவம்தான் அதற்குச் சத்து கொடுக்கிறது. வயதான குதிரை ஒருமுறை தசையை இழந்தால் திரும்ப ஏற்றுவது மிகவும் கடினம். இரண்டு மாதம் போனது போகட்டும், மூன்றாவது மாதம் போக விடாதீர்கள்.

முதலில் ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டி, வீக்கத்தில் சூடோ வலியோ இல்லை, நொண்டல் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம் ஆள் ஏறாமல் கையில் பிடித்து தினமும் காலை, மாலை 15 நிமிடம் நடத்துங்கள். சமமான மண் தரை போதும். தார் ரோடு வேண்டாம், கால் புதையும் மணலும் வேண்டாம், சின்ன வட்டத்தில் சுற்ற விடுவதும் வேண்டாம். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். அது நன்றாக நடந்தால் ஒரு மாதத்துக்குப் பிறகு பிள்ளைகளை ஏற்றலாம். சேணத்தோடு சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு என்பது பொதுவான வரம்பு. இந்த வயதில் அதற்கு நன்றாகக் கீழே நிற்பதே சரி என்பது என் கருத்து. சிறு பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்ற நேரத்தில் கட்டாமல் வேலி போட்ட இடத்தில் அவிழ்த்து விட முடிந்தால், அதைவிட நல்ல மருந்து இல்லை.

இளைப்பு விஷயம்தான் எனக்கு அதிகக் கவலை. வாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். குதிரையின் கடைவாய்ப்பல் வருடத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் தேய்ந்து, அதே அளவு வேரிலிருந்து மேலே வரும். முதுமையில் அந்த இருப்பு தீர்ந்துபோகிறது. பாதி மென்ற புல் உருண்டை தொட்டியடியில் கிடந்தால் பல் பிரச்சினை என்று அர்த்தம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல்லைப் பார்த்து, கூர்முனைகளை ராவிவிட வேண்டும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. மாட்டுக்குப் போடும் கம்பு நேப்பியர் புல்லும் தவிடும்தான் பல பண்ணைகளில் குதிரைக்கும் கிடைக்கிறது. நேப்பியரில் இருக்கும் ஆக்ஸலேட், சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். மாட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அந்த ஆக்ஸலேட்டைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. தவிட்டில் சுண்ணாம்புச் சத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். இரண்டும் சேர்ந்தால் உடல் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுக்கத் தொடங்கும். கால் மாற்றி கால் நொண்டும், முகத்தின் இரு பக்கமும் புடைக்கும். உங்கள் குதிரையின் விறைப்பை வெறும் வயது என்று முடிவு கட்டும் முன் தீவனத்தைப் பாருங்கள். அருகம்புல் நல்ல தீவனம். சிறுநீரகம் சரியாக இருந்தால் குதிரை மசால் என்ற பசுந்தீவனமும் சேருங்கள். கொள்ளை ஊறவைத்து வேகவைத்து மசித்துக் கொடுங்கள். தவிடு கையளவுக்கு மேல் வேண்டாம். மாற்றத்தைப் பத்து நாளில் படிப்படியாகச் செய்யுங்கள், இல்லையென்றால் வயிற்று வலி வந்துவிடும்.

பல்லும் தீவனமும் சரியாக இருந்தும் தேறவில்லையென்றால் ரத்தப் பரிசோதனை வேண்டும். சர்ரா என்ற ஒட்டுண்ணி நோய் நம் நாட்டில் உண்டு, குதிரையை அப்படியே உருக்கிவிடும். முடி நீளமாகச் சுருண்டு வளர்ந்து உதிராமல் இருந்தால், தண்ணீர் அளவுக்கு மீறிக் குடித்தால், பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறாக இருக்கலாம். அதற்கு மாத்திரை உண்டு. வலி மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். இரைப்பைப் புண்ணும் சிறுநீரகக் கேடும் வரும்.

வேலையெல்லாம் வெயில் ஏறுவதற்கு முன்பே முடியட்டும். வயதான குதிரையின் உடம்பு சீக்கிரம் சூடேறும். ஓய்வில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். நடந்து முடித்துக் கால் மணி நேரம் ஆகியும் 60க்குக் கீழே இறங்கவில்லையென்றால் அன்றைய வேலை அதிகம், மறுநாள் குறையுங்கள். வெயிலில் மூச்சு வாங்கியும் வியர்க்கவே இல்லையென்றால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே மருத்துவரை அழையுங்கள்.

லாடத்தைக் கழற்றிக் குளம்பைச் சீவி எத்தனை நாள் ஆயிற்று என்று எழுதவில்லை. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய வேலை அது. ஓய்வில் இருக்கிறதே என்று விட்டிருந்தால், நடத்தத் தொடங்கும் முன் லாடம் கட்டுபவரை வரச் சொல்லுங்கள்.