விடுபட்ட அந்த ஒரு நாள்

மதிப்பிற்குரிய அம்மா, எனக்கு வயது 41. பள்ளியில் கணித ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். தை மாதம் எடுத்த இரத்தப் பரிசோதனையில், சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 6.1 என வந்ததால், தினமும் அரை மணி நேரம் நடக்குமாறு மருத்துவர் கூறினார். விடியற்காலை 5 மணிக்கு எழுந்து 11 நாட்கள் விடாமல் நடந்தேன். முந்தைய இரவு 12 மணி வரை விடைத்தாள் திருத்தியதால் 12ஆம் நாள் எழ முடியவில்லை. காலண்டரில் அந்தத் தேதியின்மேல் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டு, 'நீ உருப்பட மாட்டாய்' என்று எழுதினேன். சிறுவயதில் வீட்டில் கேட்டுப் பழகிய சொல் அது. அதன்பின் மூன்று வாரங்களாகக் காலணியைத் தொடவே இல்லை. இன்னும் கண்டிப்பாக இருந்தால்தான் திருந்துவேனா?

அன்புள்ள சகோதரி, நள்ளிரவு வரை கண்விழித்தவர் 5 மணிக்கு எழ இயலாமல் போவது உடம்பின் இயல்பே தவிர, குணக்கேடு அன்று. காரணம் உங்கள் கையிலேயே இருந்தும், அந்தச் சிவப்பு எழுத்து அதைப் பார்க்க விடவில்லை. அதன்பின் காலணி கண்ணில் படும்போதெல்லாம் நடையை விட அவமானமே நினைவுக்கு வந்ததால் மனம் ஒதுங்கிக்கொண்டது. நீள்வகுத்தலில் பிழை செய்யும் மாணவனின் தாளை நீங்கள் கிழிப்பதில்லை. தவறிய படியை வட்டமிட்டு, அதுவரை சரியாகப் போட்ட படிகளுக்கு மதிப்பெண்ணும் தருகிறீர்கள். உங்கள் 11 நாட்களுக்கு ஒரு மதிப்பெண் கூட நீங்கள் தரவில்லை என்பதே எனக்கு வருத்தம்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரைக் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக 18 முதல் 254 நாட்கள் வரை ஆகலாம் என்றும், இடையில் ஒரு நாள் விடுபடுவது அதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை என்றும் கண்டறிந்தார்கள். எச்பிஏ1சி கூட ஏறக்குறைய மூன்று மாதச் சர்க்கரையின் சராசரிதான். ஒரு நாள் ஒரு சராசரியை எவ்வளவு அசைக்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

விடைத்தாள் திருத்தும் காலம் முடியும்வரை விடியற்காலையை விட்டுவிட்டு, பள்ளியிலிருந்து வந்து காபி குடித்த கையோடு பத்து நிமிடம் நடக்கத் தொடங்கி, பிறகு மெல்ல அரை மணியாக்கிக்கொள்ளுங்கள். விடுபட்ட நாளில் பெருக்கல் குறி வேண்டாம். 'மழை', 'தலைவலி' என்று காரணத்தை மட்டும் எழுதுங்கள். மறுநாள் நடந்தே தீர வேண்டும் என்பதில் உறுதியாகவே இருங்கள். அந்த உறுதிக்கு வசவின் துணை தேவைப்படாது. 'உருப்பட மாட்டாய்' என்ற குரல் வேலையிலும் குடும்பத்திலும் கூட உங்களைத் துரத்துகிறது என்றால், ஓர் ஆலோசகரிடம் நேரில் பேசுங்கள்; சிறுமியாக இருந்தபோது கேட்டதை இத்தனை ஆண்டுகள் தனியாகச் சுமந்திருக்கிறீர்கள்.